மிதித்தால் நகரும்!

முப்பத்தைந்து வயதில் ஒருவனுக்கு இரண்டு ஆசைகள் வரக்கூடாது. ஒன்று, மறுபடி கிரிக்கெட் ஆடுவது. இன்னொன்று, சைக்கிளில் மலையேறுவது. எனக்கு இரண்டாவது வந்தது.

ஆரணியிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூர். சுமார் 70 கிலோமீட்டர். போன ஜனவரியில் ஒரு ஞாயிறு, விடியற்காலை நாலு மணிக்கு மூன்று பேர் கிளம்பினோம். பேங்கில் வேலை பார்க்கும் நண்பன் (பேர் போட்டால் உதைப்பான், 'கேஷியர்' என்று வைத்துக்கொள்ளுங்கள்) 21 கியர் சைக்கிள், ஹெல்மெட், கையுறை சகிதம் யுத்தத்துக்குப் போகிறவன் மாதிரி வந்தான். எனக்கு மச்சினனிடம் இரவல் வாங்கிய கியர் சைக்கிள். மூன்றாமவன் பட்டு நெய்கிறவன். அவன் அப்பா காலத்து ஹெர்குலஸில் வந்தான். கேரியரில் தூக்குச்சட்டி.

"டேய், இதுல மலை ஏற முடியாதுடா."

"முடிஞ்ச வரைக்கும் வரேன். இல்லேன்னா டீக்கடையில உட்கார்ந்திருக்கேன், திரும்பி வரப்போ கூட்டிக்கிட்டுப் போங்க."

நான் பி.காம். ஏற்றமெல்லாம் பற்று, இறக்கமெல்லாம் வரவு, வீடு திரும்பும்போது கணக்கு டாலி ஆகிவிடும் என்று வழியெல்லாம் விளக்கினேன். மலைப்பாதை தொடங்கியதும்தான் தெரிந்தது, பற்றுப் பக்கம் ரொம்ப நீளம்! மூன்றாவது வளைவில் கேஷியர் இறங்கித் தள்ளினான். நாலாவதில் நான். 21 கியரில் ஒன்றுகூட தள்ளுவதற்கு உதவாது, சார்!

தறிக்காரனும் இரண்டு இடத்தில் இறங்கினான். மற்றபடி அவசரமே இல்லாமல், டக்... டக்... என்று ஒரே தாளத்தில் மிதித்துப் போய்க்கொண்டே இருந்தான். ஜமுனாமரத்தூரில் நாங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவன் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ரகசியம்?" என்றான் கேஷியர்.

"பதினாறு வயசுலேர்ந்து குழித்தறியில உட்கார்ந்து மிதிக்கிறேன். மிதிச்சா நகரும்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

சிரித்தோம். அவனும் சிரித்தான். அப்புறம் தூக்குச்சட்டியைத் திறந்து புளிசாதத்தைப் பங்கு வைத்தபடி, கேஷியரிடம் மெதுவாகக் கேட்டான்: "செய்யாறு சிப்காட்ல தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி வையேன். எந்த வேலையா இருந்தாலும் சரி."

எங்களுக்கு ஞாயிறு சம்பளத்தோடு வருகிற நாள். அவனுக்குப் புடவை முடிந்தால்தான் கூலி. இந்தப் பயணத்துக்கு அவன் ஒரு நாள் நெசவைக் கொடுத்திருக்கிறான். அது எங்கள் கணக்கில் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

பக்கத்தில் காவலூருக்கு வழி கேட்டு ஒரு கார் நின்றது. அங்கே 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி, 1986-ல் திறந்தது. எத்தனையோ ஒளியாண்டு தூரத்து நட்சத்திரம் அதில் தெரியும். பக்கத்துத் தெருத் தறி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் கல்யாணத்துக் கூரைப்புடவையே அதில் நெய்ததுதான்.

இறக்கத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. போளூரில் மூன்று சைக்கிளையும் டாடா ஏஸில் ஏற்றி ஊர் வந்தோம்.

மறுநாள் காலை மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தெருவில் அவன் தறிச் சத்தம் கேட்டது. டக்... டக்...

'அப்பாடா, இன்னும் போகவில்லை' என்று மனசு சொன்னது. சொன்ன உடனேயே வெட்கமாகவும் இருந்தது. கேஷியருக்குப் போன் போட்டேன்.

"சிப்காட்ல யார்கிட்டேயாவது கேட்டியாடா?"