திறப்பு யார் கையில்?

பொதுச் சொத்து ஒன்றைப் பற்றிப் பேச்செழும்போது, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அரசாங்கத்துக்கு, மாநகர சபைக்கு, பிரதேச சபைக்கு என்று விடை கிடைத்ததும் நமது மனம் ஆறுதலடைகின்றது. தனியார் கையில் இல்லை. ஆகவே அது நம்முடையது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் உறுதி ஒருவர் பெயரிலும் திறப்பு வேறொருவர் கையிலும் இருக்கக்கூடும் என்பதை நாம் சிந்திப்பதில்லை. உறுதியை எடுத்துப் பார்ப்பவர் அரிது. வாசலில் நிற்பவரையோ நாள்தோறும் காண்கிறோம்.

இவ்வுண்மைக்குக் கொழும்புக் காலிமுகத் திடலின் வரலாறு தக்கதொரு சான்றாகும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 500 மீற்றர் நீளத்தில் கிடக்கும் இத்திடலின் இன்றைய பரப்பு 5 ஹெக்டயர் அளவே. முன்னர் இதனிலும் பெரிதாய் இருந்தது. கொழும்பில் படிக்கவும் தொழில் தேடவும் வந்து, காற்றுப் புகாத வாடகை அறைகளில் காலங்கழித்த நம்மவர் பலருக்கு இத்திடலோடு நெருங்கிய உறவுண்டு. காசு கேளாது உட்கார இடந்தரும் வெளிகள் தலைநகரில் அதிகமில்லை. இறால் வடை விற்பவரும், பட்டம் விற்பவரும், குடைக்குள் மறைந்திருக்கும் காதலரும், தோட்டப்புறத்திலிருந்து முதன்முதலாகக் கடலைக் காணவந்த குடும்பத்தினரும் அருகருகே இருக்கும் காட்சியை நாம் அங்கு பலமுறை கண்டிருக்கிறோம். நீ எம்மொழி பேசுபவன் என்று எவரும் கேளாத மாலைகள் அங்குண்டு. கேட்ட மாலைகளும் உண்டு.

இத்திடல் மக்களுக்கெனப் பிறந்ததன்று. ஒல்லாந்தரின் கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாத சூட்டுவெளி தேவைப்பட்டமையாலேயே இந்நிலம் வெறுவெளியாக விடப்பட்டது என்பர். பின்னர் ஆங்கிலேய ஆளுனர் சேர் ஹென்றி வார்ட் 1856 இல் கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859 இல் முடித்துவைத்தார். கொழும்புப் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் ஆளுனர்களுக்குப் பரிந்துரைக்கும் கல்லொன்றும் அங்கே நாட்டப்பட்டது. அப்பெண்கள் யார்? அக்குழந்தைகள் யார்? குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த துரைமாரின் குடும்பத்தவரே அன்று கண்முன் நின்றிருப்பர். அக்குழந்தைகளை இடுப்பில் சுமந்துவந்த ஆயாமாரையும் அவர்தம் பிள்ளைகளையும் அக்கல் எண்ணியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே. அந்நூற்றாண்டில் குதிரைப் பந்தயமும் கோல்ப் ஆட்டமும் இத்திடலிலேயே நடந்தன. பந்தயம் 1893 இல் கறுவாத் தோட்டத்துக்குச் சென்றது. கோல்ப் கழகமும் சில ஆண்டுகளில் வேறிடம் தேடிக்கொண்டது. வசதி படைத்தோர் தமக்கென வேலியிட்ட இடங்களைப் பெற்றுக்கொண்டு விலக விலக, எஞ்சிய வெளி படிப்படியாகச் சாமானியர் கைக்கு வந்தது எனலாம்.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஆளுனர் வார்ட் மக்களுக்கு எதனையும் எழுதிக் கொடுக்கவில்லை. தம் நாற்காலியில் அடுத்து அமரப் போகிறவர்க்கே அவர் பரிந்துரை செய்தார். பரிந்துரை வேறு, உரிமை வேறு. பரிந்துரையைக் கேட்பதும் கேளாது விடுவதும் ஆள்வோரின் விருப்பம். கடந்த நூற்றறுபது ஆண்டுக்கு மேலாக இத்திடலில் நடந்தவற்றுக்கெல்லாம் இவ்வேறுபாடே அடிப்படையாய் இருந்து வந்திருக்கிறது.

ஆள்வோரின் விருப்பத்தை மீறி மக்கள் இத்திடலைத் தமதாக்கிக்கொண்ட நாட்கள் உண்டு. பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலுக்கு முந்திய வாரங்களில் இடதுசாரிகள் மக்களைத் திரட்டிய இடம் இது. ஹர்த்தாலன்று அமைச்சரவை தரையில் கூடத் துணியாது துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. மூன்றாண்டுகளின் பின்னர், 1956 ஜூன் 5 ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் திரு. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்ததும் இங்கேதான். பாராளுமன்றத்தின் முன்னிலையிலேயே அவர்கள் காடையரால் தாக்கப்பட்டனர், பொலிஸார் பார்த்துநின்றனர். வெளி திறந்திருந்தது, உள்ளே சென்றவர்க்குக் காவல் இருக்கவில்லை. ஆகவே, நுழையவிடுவது மட்டும் உரிமையாகிவிடாது. நுழைந்தவர் அடிபடாமல் வீடு திரும்புவதும் அவ்வுரிமையின் பகுதியே என்பதைத் தமிழ் மக்கள் அன்றே அறிந்துகொண்டனர்.

அப்படியாயின் நம் சமூகத்துக்குள் ‘பொது’ என்ற சொல்லுக்கு எப்பொருள் இருந்தது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளையும் தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் நினைத்துப் பார்ப்போம். சாதியின் பெயரால் பொதுவிடங்களில் நுழைவை மறுத்தலைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்துவிட்டது. எனினும் அச்சட்டம் தானாக எந்தக் கதவையும் திறக்கவில்லை. 1966 முதல் தாழ்த்தப்பட்ட மக்கள் அணிதிரண்டு, அடியும் சிறையும் உயிரிழப்பும் ஏற்றுப் போராடிய பின்னரே கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. சட்டம் வேண்டும், சட்டத்தைக் கையில் எடுத்துச் செல்ல மக்கள் அணியும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது முடமே.

இனிக் காலிமுகத் திடலின் அண்மைக் கதைக்கு வருவோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபை, பெருங் களியாட்டவிடம் அமைக்கவென ஒரு தனியார் கம்பனியோடு இத்திடல் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டது. செய்தியைப் பத்திரிகையில் கண்ட சுற்றாடல் அமைப்பு ஒன்று விவரங் கேட்டது. சபை கொடுக்க மறுத்தது. 2004 இல் தொடரப்பட்ட வழக்கில், 2005 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் சட்டவலு அற்றது என்றும், விவரத்தை மறுத்தமை அரசியலமைப்பு உறுதிசெய்த சமத்துவத்துக்கும் பேச்சுச் சுதந்திரத்துக்கும் மாறானது என்றும் நீதிமன்றம் கூறியது. பொதுநிலம் பற்றிய உண்மையை அறியாதவன் அதுபற்றிப் பேசுவது எங்ஙனம் என்ற எளிய நியாயமே அதில் அடங்கியிருந்தது. பதினோராண்டுகளின் பின்னர் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்நியாயத்தை எல்லாக் குடிமக்களுக்கும் விரித்தது.

தீர்ப்பு கம்பனியைத் தடுத்தது. ஆயினும் திறப்பு மக்கள் கைக்கு வரவில்லை. 2019 நவம்பரில் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷவின் ஆட்சியில், திடலருகே ஆர்ப்பாட்டக்காரர்க்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டுப் பலகையும் நாட்டப்பட்டது. எதிர்ப்பதற்கும் ஆட்சியாளரே இடம் அளந்து கொடுத்த விந்தை அது! 2022 ஏப்ரில் 9 ஆம் திகதி மக்கள் அந்த அளவுகோலை எடுத்தெறிந்தனர். கூடாரங்களிடையே ஒரு நூலகம் எழுந்தது, விரிவுரைகள் நடந்தன. மே 18 ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மடிந்தோரை அங்கே நினைவுகூர்ந்து கஞ்சியும் வழங்கப்பட்டது. வடகிழக்கில் பல்லாண்டுகளாக மறிக்கப்பட்ட ஒரு துயரம் தலைநகரின் நடுவே, சிங்கள இளைஞரும் தலைகுனிந்து நிற்க, வெளிப்பட்டதை நாம் சிறிதென்று கொள்ளமாட்டோம். அவ்வியக்கத்துக்கு இனப்பிரச்சினை பற்றிய தெளிவு போதாதிருந்தது என்பதும் மெய்யே. ஆயினும் அத்தெளிவை வளர்க்க ஒரு வெளி வேண்டும். அவ்வெளி அன்று இருந்தது. ஜூலை 22 ஆம் திகதி விடியுமுன் படையினரும் பொலிஸாரும் சனாதிபதி செயலக வாசலில் இருந்தோரைத் தாக்கி வெளியேற்றினர். ஓகஸ்டில் எஞ்சிய கூடாரங்களும் அகன்றன.

2023 இல் திடலின் பராமரிப்பு இலங்கைத் துறைமுக அதிகார சபையிடம் இருந்தது. அவ்வாண்டு, இசைநிகழ்ச்சி முதலானவற்றுக்குத் திடலை வழங்காது, மக்கள் ஓய்வுநேரத்தைக் கழிப்பதற்கே அதனை ஒதுக்குவது என அமைச்சரவை தீர்மானித்தது. ஓய்வாக உலாவும் மக்கள் நல்ல மக்கள். ஒன்றுகூடிக் குரலெழுப்பும் மக்கள் வேறு மக்கள் என்ற பிரிவினை இத்தகைய தீர்மானங்களுள் ஒளிந்திருக்கிறது. பின்னர் ஆட்சி மாறியது. 2025 மே முதலாந் திகதி, ஆளுங் கட்சியான தேசிய மக்கள் சக்தி தனது தொழிலாளர் தினக் கூட்டத்தை இதே திடலில் நடத்தியது. அதனை நாம் குறைகூறவில்லை; தொழிலாளர் தினத்துக்குத் திடல் திறந்தது நன்றே. எமது கேள்வி வேறு. ஆளுங் கட்சிக்குத் திறந்த வெளி, நாளை அதனை எதிர்க்கும் தொழிற்சங்கத்துக்கும் திறக்குமா? காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்திவரும் தாய்மாருக்குத் திறக்குமா? விடை ஒரு சட்டத்தில் எழுதப்பட்டிராது, அன்றன்று அதிகாரத்தில் இருப்பவரின் மனத்தில் இருக்குமாயின், அது உரிமையன்று, சலுகை.

இஃது தலைநகருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணவேண்டாம். நாம் ஆசிரியப்பணி புரிந்த சிற்றூர் ஒன்றில், உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான மைதானம் ஒன்று இருந்தது. சிறுவர் சைக்கிள் பழகியதும், இரவில் கூத்து ஆடியதும் அங்கேதான். சபை அதனை ஒரு கழகத்தின் பொறுப்பில் விட்டது. வேலியும் படலையும் வந்தன. கழகத்தின் காலம் முடிய, குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். பூட்டும் கட்டணமும் வந்தன. பாடசாலை முடிந்து அங்கே வலைப்பந்து பழகிய நம் மாணவிகளிடம் கடிதம் கேட்கப்பட்டது. கடிதத்தோடு சென்றால், குத்தகைக்காரர் சபையைக் கேளுங்கள் என்றார். சபையினர் குத்தகைக்காரரைக் கேளுங்கள் என்றனர். மறுத்தவர் எவருமில்லை, அனுமதித்தவரும் எவருமில்லை. வலயமட்டப் போட்டிக் காலம் கழிந்துபோயிற்று. பையன்கள் மதில் ஏறிக் குதித்து விளையாடினர். பெண்பிள்ளைகள் மதில் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. வாசல் பூட்டப்படும்போது எல்லாரும் ஒரே அளவில் வெளியே நிற்பதில்லை. ஏற்கெனவே பின்தள்ளப்பட்டவர்களே அதிக தூரத்தில் நிற்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்றுண்டு. புல் வளர்க்கவும், குப்பை அகற்றவும், விளக்கெரிக்கவும் செலவாகுமன்றோ? நிருவாகம் இல்லாத வெளி வலியவன் கைக்குப் போய்விடுமன்றோ? இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிருவாகம் தேவையில்லை என்று நாம் சொல்லவரவில்லை. 1956 இன் அநுபவமே வெறும் திறந்தவெளி போதாது என்பதைக் காட்டிற்று. நாம் சொல்வது இதுவே: நிருவாகி மாறலாம், பயன்படுத்துவோரின் உரிமை அவரோடு மாறலாகாது. யார், எந்நேரத்தில், எதற்காகப் பொதுவெளியைப் பயன்படுத்தலாம் என்பது சட்டத்தில் முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும். அனுமதி மறுக்கப்படின் காரணம் எழுத்தில் தரப்படல் வேண்டும். குத்தகையும் ஒப்பந்தமும் கைச்சாத்திடப்படுமுன் ஊரார் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். நிருவாகக் குழுவில் அவ்வெளியைப் பயன்படுத்துவோர், சிறப்பாகப் பெண்கள், இடம்பெறல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

இதனைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் தலைநகரத் திடலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. தத்தம் ஊர் மைதானம், வாசிகசாலை, சந்தைக் கட்டிடம், கடற்கரை எதுவாயினும் ஆகுக. அதன் நிருவாகம் எவர் கையில், எவ்வொப்பந்தத்தின்படி, எத்தனை ஆண்டுக்கு என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுக. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் தம் முடிவை அறிவிக்கக் கடமைப்பட்டவர். வகுப்பறையில் குடியியல் பாடமாக அவ்விண்ணப்பத்தை மாணவர் கையாலேயே எழுதுவிக்கலாம். விடை வந்ததும் அதனை ஊர் மக்கள் முன் வாசிக்கவேண்டும். வாசித்தபின் கூடிப் பேசவேண்டும். 1859 இல் ஓர் ஆளுனர் தம் பின்வந்தோர்க்குச் செய்த பரிந்துரையை மக்களின் உரிமையாக மாற்றி எழுதும் வேலை இன்னும் முடியவில்லை. அதனை நமக்காக வேறெவரும் எழுதித் தரப்போவதுமில்லை.