கதியால் நகர்ந்தால் காணி நகரும்

நீதிமன்றச் செய்திகள் சேகரித்துத் திரிந்த காலத்தில் மூத்த சட்டத்தரணி ஒருவர் என்னிடம் வேடிக்கையாகச் சொல்வார்: "தம்பி, கிளுவங்கதியால்தான் எங்களுக்குக் கற்பகதரு." மல்லாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் வேலி வழக்கு அகப்படாமல் நான் திரும்பிய நாட்கள் குறைவு.

யாழ்ப்பாணத்தார் ஒரு சாண் நிலத்துக்காக அடிபடுபவர்கள் என்று வெளியூர் நண்பர்கள் நகைப்பதுண்டு. கணக்கைப் பார்த்தால் நகைக்கத் தோன்றாது. எமது காணி உறுதிகளில் எழுதப்படும் வரகுப் பரப்பு ஒன்று 10 பேர்ச். அதனுள் 18 குழி. குழி ஒன்று ஏறத்தாழ 151 சதுர அடி. நூறடி நீள வேலியில் கதியால்கள் ஒன்றரை அடி தள்ளி நடப்பட்டால் ஒரு குழி நிலம் மறுபக்கம் போய்விடும். இரண்டு மூன்று பரப்பில் வீடும் கிணறும் வைத்திருப்பவருக்கு இது சிறிய இழப்பன்று.

அதற்கும் மேலே சட்டம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றிப் பத்தாண்டுகள் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். ஆகவே, நகர்ந்த வேலியைப் பார்த்தும் பாராமல் இருப்பது பெருந்தன்மையாக முடிவதில்லை.

எல்லைத் தகராறு எம்மவருக்குப் புதியதுமன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய தேசவழமையிலேயே, எல்லையருகில் நின்று அயற்காணிக்குள் சாயும் மரத்தின் பயன் யாருக்கு என்ற பேச்சு வருகிறது.

பழைய வேலிக்கு ஒரு நன்மை இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருங்கைக் கதியால்களை மாரியில் நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பார்கள். ஓலை உக்கிப்போகும், மறுபடி அடைக்க வேண்டும். அடைக்கும் நாளில் இரு வீட்டாரும் வேலியருகே நிற்பார்கள். கதியால் தவறினால் அன்றே வாய்த்தர்க்கம் எழும். பெரும்பாலும் அன்றே தீர்ந்தும்விடும். அந்த வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதனூடாகக் கறிக்கிண்ணமும் பிள்ளைகளும் போய்வருவார்கள். ஓலை வேலிக்கு அனுமதி கேட்டு எவரும் சபைப் படியேறியதாக நான் அறியேன்.

மதில் அப்படியன்று. அது கட்டுமானம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்குட்பட்ட பகுதியானால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும், பொதுவாக 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் முன்னே வரும். மாநகர சபையிலோ, நகர சபையிலோ, பிரதேச சபையிலோ விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். வீதியோரமாயின் வீதிக்கோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கட்டவேண்டும். ஏ-9 போன்ற பெருந்தெருவாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லையையும் பார்க்கவேண்டும்.

பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் இதுதான். சபை தரும் அனுமதி மதிலைக் கட்டுவதற்கானது. மதில் நிற்கும் நிலம் உங்களுடையது என்பதற்கான அத்தாட்சியன்று. பக்கத்துக் காணிக்காரர் மறுத்தால், முத்திரை குத்திய வரைபடம் அவர் வாயை அடைக்காது. தகராறு முற்றிப் பொலிசார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்து 66ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றுக்கு அறிக்கையிட்டால், அங்கும் முதலில் ஆராயப்படுவது அப்போது யார் ஆட்சியிலிருந்தார் என்பதே. உரிமையை நிலைநாட்ட மாவட்ட நீதிமன்றில் வேறு வழக்குப் போடவேண்டும். அதற்குள் தலைமுறை மாறிவிடும்.

போர் இந்தச் சிக்கலைப் பன்மடங்காக்கியது. 1990இலிருந்து வலிகாமம் வடக்கிலும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வலிகாமம் முழுவதிலும் மக்கள் வேலிகளை விட்டுச் சென்றார்கள். உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து பின்னாளில் விடுவிக்கப்பட்ட காணிகள் பலவற்றில் வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. பற்றைகளுக்கிடையே கிணற்றைத் தேடி, அதிலிருந்து எல்லையைக் கணித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். போரினால் காணியைப் பராமரிக்க முடியாமற் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து விலக்குவதே அதன் நோக்கம். ஆனால் 2009 மே மாதத்துக்குப் பின்னரும் பத்தாண்டுகள் கடந்துவிட்டன என்பதைப் புலம்பெயர்ந்த உறவுகள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்பி, "ஒரு மதிலைக் கட்டிவிடுங்கோ" என்று தொலைபேசியில் சொல்பவர்களுக்கு நான் கூறுவது இதுதான். மேசனைத் தேடுமுன் உரிமம் பெற்ற நில அளவையாளரைத் தேடுங்கள். பழைய உறுதியையும் வரைபடத்தையும் அவரிடம் கொடுங்கள். அளக்கும் நாளில் அயலவரையும் அழையுங்கள். எல்லைக்கல் அவர் கண்முன்னே நடப்படட்டும். அவர் வெளிநாட்டில் இருந்தால் முன்கூட்டியே அறிவியுங்கள். மனத்தாங்கல் இருந்தால் மத்தியஸ்த சபையில் பேசிப் பாருங்கள். சபையின் அனுமதியை அதற்குப் பிறகு பெறலாம்.

ஓலை வேலியில் பிழை விட்டால் அடுத்த அடைப்பில் திருத்தலாம். சீமெந்து மதிலில் விட்ட பிழையை இடித்துத்தான் திருத்தவேண்டும். அந்தச் செலவை உங்கள் பிள்ளைகளின் தலையில் சுமத்தாதீர்கள்.