கழற்றிக் கட்டும் வண்டி

ஒரு ட்யூன் பக்கியை மனசுக்குள் பல வருஷங்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கலிபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த ப்ரூஸ் மேயர்ஸ் 1964-ல் கண்ணாடியிழையில் செய்த மேன்க்ஸ்தான் ஆதாரம். பின்னர் வந்தவற்றுக்குப் பீட்டில் காரின் அடித்தட்டைச் சுமார் 14 அங்குலம் வெட்டிக் குறுக்கி, மேலே அந்தக் கூட்டைப் பொருத்தினார்கள். எஞ்சின் பின்பக்கம், பாரம் பின்சக்கரங்களை அழுத்துவதால் மணலில் பிடிப்புக் கிடைக்கும். காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டரும் வேண்டியதில்லை.

இரவில் பெரிய கார்புரேட்டர், இரும்புக் கூண்டு, ஆறு விளக்குகள் என்று சேர்த்துக்கொண்டே போவேன். பாரம் ஏறியதும் வண்டி மணலில் புதைந்துவிடும். காலையில் கழற்றத் தொடங்குவேன். கூரை, கதவு, ஜோடனை எல்லாம் போய்விடும்.

மேயர்ஸின் காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கவில்லை, நகல்கள் பெருகின. அந்த வடிவம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. அதில் என்னுடையது என்று ஒரு கோடாவது மிஞ்சுமா? அது தெரியும்வரை ஸ்பானரைத் தொடப்போவதில்லை.