இரண்டு சந்தா

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் உபாத்தியாயருக்கு ஒரு சங்கடம் உண்டு. சங்கம் அழைத்தால் போக வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளையும் கைவிடக் கூடாது.

2003 ஏப்ரல் 1-ந் தேதி முதல் வேலைக்கு வந்தோருக்குப் பழைய பென்ஷன் இல்லையென்று ஆயிற்று. அவ்வாறு வந்தவர்களில் நாமும் ஒருவர். அவ்வாண்டு ஜூலையில் வேலை நிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக 1 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை நீக்கம் செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அந்தப் பென்ஷனைக் கேட்டு, 2019 ஜனவரியில் 9 நாள் வீதியில் நின்றோம்.

திரும்பிய அன்று ஒரு மலைச் சிறுமி, "தினமும் வந்து பார்த்தேன் சார், பூட்டியே இருந்திச்சு" என்றாள்.

முதுமைக்குச் சோறு கேட்டது நியாயமே, அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அவளுக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமைகளில் விட்ட பாடங்களை நடத்தி முடித்தோம். சங்கத்துக்குக் கட்டும் சந்தாவைப் போல, இதுவும் நாம் கட்ட வேண்டிய சந்தாதானே?