ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கிழ அம்பாசடர்

திண்டுக்கல் - ஒட்டன்சத்திரம் ரோட்டில் வருகிற ஊர் ரெட்டியார்சத்திரம். பக்கத்துக் குன்றில் கோபிநாத சுவாமி. மாடு கன்று நன்றாக இருக்கணும் என்று ஜனங்கள் வேண்டிக்கொள்கிற கோயில். நாங்கள் போனது நண்பனின் 1968 மாடல் அம்பாசடரில். தரிசனம் முடிந்து ஸ்டார்ட் செய்தால்... 'டிக்'. அவ்வளவுதான்!

நண்பன் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினான். நாலாவது சுற்றில் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. டீக்கடையில் கைதட்டல் வேறு!

நேராக பேட்டரிக் கடை. ஹைட்ரோமீட்டர் 1.150 காட்டியது. "ஃபுல் சார்ஜ்னா 1.260-க்கு மேல நிக்கணும் தம்பி. வண்டிய எடுக்கறதே இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"பேசாம தண்ணி ஊத்த வேண்டாத பேட்டரி ஒண்ணு குடுங்கண்ணே."

"இதுல இருக்கறது டைனமோ தம்பி. வண்டி நின்னு உறுமினா சார்ஜ் ஏத்தாது. ரெகுலேட்டர் மக்கர் பண்ணினா அளவில்லாம ஏத்தி தண்ணிய வத்த வச்சிரும். மூடி உள்ளதுன்னா பார்த்து ஊத்திக்கலாம். சீல் வச்சதுல என்ன செய்வீங்க? மொதல்ல இதையே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுப் பார்ப்போம். ஏறலைன்னா புதுசு."

விற்க வந்தவர் வேண்டாம் என்கிறார். எனக்கு மனுஷரைப் பிடித்துவிட்டது.

புதுசு வாங்குவதானால் தயாரித்த மாதம், ட்ரே அளவு, பிளஸ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உயரம் கூடினால் டெர்மினல் பானெட்டில் இடித்துத் தீப்பொறிதான். ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரின் உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். கழற்றும்போது முதலில் எர்த் வயர். டெர்மினலில் பூத்த வெள்ளையை சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவி, வாசலின் தடவணும்.

வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டணும். திண்டுக்கல்காரர்கள் ரெட்டியார்சத்திரம் வந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினால் கணக்கு சரி!