கட்டியவர் பெயரும் உண்டு... பழுதுபார்த்தவர் பெயரும் உண்டு! - நார்த்தாமலை சொல்லும் ஊராட்சிப் பாடம்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் போனால், சமவெளிக்கு நடுவே யாரோ கொட்டி வைத்ததுபோல மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரியும். மேலமலை, கடம்பர்மலை, கோட்டைமலை, ஆளுருட்டிமலை, உவச்சன்மலை, பொன்மலை என்று ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பெயர். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டுகள் இவை என்பது ஊர்க்கதை. இவற்றின் அடிவாரத்தில் இருக்கிறது, குளத்தூர் வட்டத்தைச் சேர்ந்த நார்த்தாமலை.

பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் பூச்சொரிதலும் தேரும் வந்தால் மாவட்டமே இங்கே திரண்டுவிடும். மற்ற நாள்களில் அமைதியான சின்ன ஊர். ஆனால், இதன் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஓர் ஆச்சர்யம் காத்திருக்கிறது. 'நகரத்தார் மலை' என்பதுதான் மருவி 'நார்த்தாமலை' ஆனது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நாரதர் பெயரால் வந்தது என்ற கதையும் உண்டு. என்றாலும், கல்வெட்டுகள் கைகாட்டுவது நகரத்தாரைத்தான்.

'நகரம்' என்றால் நாம் இன்று நினைக்கும் சிட்டி அல்ல. சோழர் காலத்தில் வேளாளர் ஊர்களை நிர்வகித்த சபைக்கு 'ஊர்' என்று பெயர். பிராமணர் குடியிருப்புகளில் அது 'சபை'. வணிகர்கள் வாழ்ந்த ஊர்களை நிர்வகித்த அமைப்புக்குப் பெயர் 'நகரம்'. நிலத்தை விற்பது, கோயிலுக்குக் கொடை விடுவது, வரியைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சோழர் கல்வெட்டுகளில் 'தெலுங்ககுலகாலபுரம்' என்று கம்பீரமான ஒரு பெயரும் இந்த ஊருக்கு உண்டு. ஆனால் மக்கள் வாயில் நின்றது, ஊரை நிர்வகித்தவர்களின் பெயர்தான்!

ஒரு தெருவிளக்கில் தொடங்கிய கேள்வி

இந்த வரலாறெல்லாம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் கல்லூரி மாணவிக்கு ஒரு தெருவிளக்கு மூலமாகத்தான் வந்து சேர்ந்தது. அப்பா சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். வீட்டில் அம்மாவும் அப்பாயியும். கல்லூரி முடிந்ததும் புதுக்கோட்டையிலேயே டி.என்.பி.எஸ்.சி பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தாள் அந்தப் பெண். வகுப்பு முடிந்து பஸ் பிடித்து ஊர் வந்து சேர இரவு எட்டு ஆகிவிடும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த இரண்டு தெருவிளக்குகளும் ஒருநாள் அணைந்தன. அதன்பிறகு எரியவே இல்லை.

முதல் வாரம் அப்பாயி செல்போன் டார்ச்சோடு நிறுத்தத்தில் காத்திருந்தார். இரண்டாவது வாரமும் காத்திருந்தார். மூன்றாவது வாரம் தீர்ப்பு வந்துவிட்டது.

"லைட்டு எரியற வரைக்கும் சாயங்கால வகுப்புக்குப் போக வேணாம் ஆத்தா. காலேஜு போ, வந்துடு."

அவள் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். "தலைவர்கிட்ட போயி சொல்லச் சொல்லு" என்று பதில் வந்தது. அங்கேதான் சிக்கல். தலைவர் என்று யாருமே இல்லை.

தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. புதுக்கோட்டை உட்பட பல மாவட்டங்களில் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 13 ஊராட்சி ஒன்றியங்கள், 497 கிராம ஊராட்சிகள். தலைவராக இருந்தவரிடம் போய்ச் சொன்னால், "நான் இப்போ தலைவர் இல்லையேம்மா" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அலுவலகத்தில் சொன்னபோது, "பாக்குறோம்" என்ற பதில் கிடைத்தது.

பாறையில் பதிந்த பழுது

வகுப்புக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாயியை அழைத்துக்கொண்டு மேலமலைக்குப் போனாள் பேத்தி. அங்கே மேற்கு நோக்கி நிற்கிறது விஜயாலய சோழீஸ்வரம். வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை என்று வித்தியாசமான அமைப்பு. சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். 9-ம் நூற்றாண்டுக் கற்றளி இது. பெயரில் விஜயாலயன் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. அவர் முத்தரையர் குலத் தலைவர். அதே கல்வெட்டில் இன்னொரு பெயரும் இருக்கிறது. கோயில் மழையால் இடிந்தபோது அதைப் புதுப்பித்தவர், மல்லன் விடுமன்.

கட்டியவர் பெயரை எழுதுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பழுதுபார்த்தவர் யார் என்றும் எழுதி வைத்திருப்பதுதான் இந்தக் கல்வெட்டில் நம்மை நிறுத்துகிறது. அன்று ஒரு கட்டடம் இடிந்தால், சரிசெய்தவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று ஒரு டியூப் லைட் எரியவில்லை என்றால், யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

எதிரிலேயே இரண்டு குடைவரைகள். ஒன்றில் வரிசையாக 12 திருமால் உருவங்கள். இதற்குப் 'பதினெண்பூமி விண்ணகரம்' என்று பெயர். பழைய வணிகக் குழுவை நினைவூட்டும் பெயர் அது. சின்னதாக இருக்கும் இன்னொன்று பழியிலி ஈஸ்வரம். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் இதைக் குடைவித்தார். முன்மண்டபமும் நந்தியும் அமைத்தவர், அவர் மகள் பழியிலி சிறியநங்கை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயர், அப்பா பெயரோடு சேர்ந்து கல்லில் நிற்கிறது.

"பொம்பளப் பேரை அப்பவே எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார் அப்பாயி.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த நகரத்தார் அவையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. வணிகர்கள்தான் முடிவெடுத்தார்கள். உழுதவர்களும், கல் உடைத்தவர்களும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களும் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. பழைய காலம் எல்லாமே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது.

ஓர் ஊர்... எத்தனை அதிகாரிகள்!

ஆற்றுப்பாசனம் அதிகம் இல்லாத வறண்ட பூமி இது. பாறையில் விழும் மழை சுனைகளில் தங்கும், மிச்சம் கண்மாய்க்கு ஓடும். மேலமலையில் 'தலையருவிச் சிங்கம்' என்ற சுனைக்கு அடியில் ஒரு சிவலிங்கமே இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம். இந்தப் பக்கம் ஊர் நிர்வாகம் என்றாலே தண்ணீரைப் பங்கிடுவதும், மடையைப் பராமரிப்பதும்தான். தண்ணீருக்கு அடுத்தது கல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கல் இங்கிருந்து போனது என்ற நம்பிக்கையும் உண்டு.

நகரத்தார் காலத்துக்குப் பிறகு பாண்டியர், விஜயநகர அரசர், பல்லவராயர், தொண்டைமான் என்று ஆட்சிகள் மாறின. 1948 மார்ச் 3-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14-ம் தேதி தனி மாவட்டமானது. ஊருக்குள் பரம்பரையாக இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு, வி.ஏ.ஓ வந்தார்.

இன்றைக்கு நார்த்தாமலையில் நின்று சுற்றிப் பார்த்தால், கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை. மேலமலைக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையிடம். மாரியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடம். காடு வனத்துறையிடம். பட்டா, சிட்டா வருவாய்த் துறையிடம். கண்மாய் 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். குவாரி என்றால் கனிம வளத்துறை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று சட்டம் வேறு.

குடிநீர், தெருவிளக்கு, குப்பை... இவைதான் ஊராட்சியின் பொறுப்பு. பட்டியலில் சின்னதாகத் தெரியும். ஆனால், ஒரு பெண் படிப்பைத் தொடர்வதா வேண்டாமா என்பது இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சைக்கிள் ஓட்டிய அப்பாயி

மலையிலிருந்து இறங்கும்போது பேத்தி நேரடியாகவே கேட்டுவிட்டாள். "நீ மட்டும் அந்தக் காலத்துல சைக்கிள் ஓட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனே. என்னை மட்டும் ஏன் அப்பாயி தடுக்கிறே?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டதும் அந்தக் காலகட்டத்தில்தான். அப்பாயி கையெழுத்துப் போடக் கற்றதும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறியதும் அப்போதுதான்.

"நாங்க இருவது பேரு கூட்டமாப் போனோம் ஆத்தா. நீ இருட்டுல தனியா வர்றே" என்றார் அப்பாயி. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அப்ப கூட்டமாத்தான் போயி கேக்கணும்" என்று அவரே சொன்னார்.

கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. கிராம சபை. 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். பணம், சாதி, படிப்பு எதுவும் தகுதி கிடையாது. தலைவர் இல்லாத காலத்திலும் தனி அலுவலர் அதைக் கூட்டியாக வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த கூட்டங்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் 2022-ல் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு ஆறு முறை. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சி என்றால், குறைந்தது 200 பேர் வந்திருக்க வேண்டும். பல ஊர்களில் அந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதே பெரும்பாடு.

பதிவேட்டில் ஒரு பெயர்

சுதந்திர தினக் கிராம சபைக்கு அப்பாயி தெருவிலிருந்து 17 பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். பாதிப் பேர் அதற்கு முன் கிராம சபைக்கு வந்ததே இல்லை. பேத்தி மனுவை எழுதி வாசித்தாள். மின்கம்பங்கள் எங்கே இருக்கின்றன, எந்தத் தேதியிலிருந்து விளக்கு எரியவில்லை, அந்த வழியில் எத்தனை மாணவிகள் வருகிறார்கள் என்று நாலே வரி. "இதைத் தீர்மானமா எழுதி வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று கடைசியில் கேட்டாள். வாய்வார்த்தையாகச் சொன்னால் 'பாக்குறோம்' என்பதோடு போய்விடும். தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறினால், அடுத்த கூட்டத்தில் 'அது என்னாச்சு?' என்று கேட்கலாம். அந்த வித்தியாசம் அவளுக்குப் புரிந்திருந்தது.

தீர்மானம் எழுதப்பட்டது. வருகைப் பதிவேடு சுற்றி வந்தபோது மைப்பெட்டியும் கூடவே வந்தது. அப்பாயி அதைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை வாங்கி நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து விளக்குகள் எரிந்தன. ஒன்று நன்றாகவே எரிகிறது. இன்னொன்று அவ்வப்போது கண் சிமிட்டுகிறது. மாலை வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது.

உள்ளாட்சித் தேர்தல், தலைவர் பதவி, பெண்களுக்கு 50 சதவிகித இட ஒதுக்கீடு எல்லாமே முக்கியம்தான். அவை தள்ளிப்போகும்போது கேள்வி கேட்கவும் வேண்டும். ஆனால், நாற்காலியில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஆறு நாள் ஊரே கூடிக் கணக்குக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. மதுரையோ, தஞ்சையோ, தென்காசியோ, உங்கள் ஊரிலும் அது நடக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். கோரிக்கையை எழுதிக் கொண்டுபோங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கையோடு கூட்டிச் செல்லுங்கள்.

நவம்பர் 1-ம் தேதி கூட்டத்துக்கு அந்தத் தெருப் பெண்கள் இப்போதே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் வரியில், கண் சிமிட்டும் அந்த விளக்கு!