வல்லினம் கேட்ட வரலாறு

பின்னலாலையின் இரைச்சலால் மந்தமுற்ற செவி உயிரொலிகளை உணரும். வல்லின மெய்களையே முதற்கண் இழக்கும். வீரபாண்டியில் எம் பெரியப்பாவின் நிலை இதுவே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனங்களைச் சொல் சிதையாமற் கேட்க விழைந்து, அவர் பழைய நிலைமின் ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கினார். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பார் 1957-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ‘குவாட்’ இவ்வகையிற் புகழ்பெற்றது.

இதிற் காகிதக் கூம்பு இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே மின்னேற்றிய மென்படலம் அசைந்து ஒலிக்கும். அப்படலம் பெரும்பாலும் பாலியெஸ்டர். எம்மூர் ஆலைகளில் ஓடும் செயற்கையிழைக்கு உடன்பிறப்பு!

சுருதி உயர உயர இதன் மின்னெதிர்ப்புக் குறையும்; குவாட்டில் அது ஏறக்குறைய 2 ஓம் அளவிற்கு இறங்கும். வல்லினம் தெளிவுபெறுவதும் உயர்சுருதிகளாலேயே. எளிய ஆம்பிளிபயர் அங்கே தளர்ந்து நடுங்கும். வலியதாயினும் அளவு கடந்து செலுத்தின், பொறி பாய்ந்து படலம் துளைபடும். நிலைகுலையாத இடைத்தர வால்வுக் கருவியொன்றே எமக்கு வாய்த்தது.

அறையோ பெரும்பாடு படுத்திற்று. படலம் முன்னும் பின்னும் ஒலிப்பதால், சுவரையொட்டி வைத்தபோது பின்னொலி மீண்டு முன்னொலியோடு பொருதது. நான்கடி முன்னிழுத்தோம். சிமெண்டுச் சுவர்களிடையே ஓர் உயிரின் எதிரொலி அடுத்த மெய்யை மூடியது. ஆலையின் துணிச்சுருள்களைப் பின்னே அடுக்கிய அன்றுதான் பெரியப்பா சரணத்தை வாயசைத்துப் பின்தொடர்ந்தார். பெரியம்மாவுக்கு மட்டும், கூடம் கிடங்கானதில் வருத்தம்.

எஞ்சிய பகை பஞ்சு. மின்னேற்றம் அதனை ஈர்த்துக்கொள்ளும். ஆகலின், கேளாத வேளைகளில் மின்னை நிறுத்தி, வேட்டியொன்றாற் போர்த்தி வைக்கின்றோம்.